காலுக்கா, கல்லுக்கா?

எங்கள் லேஅவுட்டின் வாட்ஸ்அப் குழுவில் வழக்கமாகத் தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதுதான் பேச்சு. போன மாதம் ஒரு நாள், மூன்றாவது தெரு தினேஷ் தன் புது பிக்-அப் வண்டியின் படத்தைப் போட்டு, இதற்கு ரன்னிங் போர்டு மாட்டுவதா, ராக் ஸ்லைடர் மாட்டுவதா என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், தண்ணீர் லாரியை எல்லாரும் மறந்துவிட்டார்கள். சொந்தமாக வண்டியே இல்லாதவர்கள்கூட ஆளுக்கொரு வீடியோ அனுப்பினார்கள். ஸ்லைடர்தான் கெத்து என்றார் ஒருவர். கதவைத் திறந்தால் தானாகவே கீழே இறங்கும் படி வந்துவிட்டது, அதை வாங்குங்கள் என்றார் இன்னொருவர். எனக்குக் கை அரித்தது. "வண்டியில் யார் யார் ஏறுவார்கள்? எந்த வழியில் போவீர்கள்?" என்று எழுதினேன். தினேஷ் ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினார். கிழவன் தமாஷ் பண்ணுகிறான் என்று நினைத்திருப்பார்.

நான் தமாஷ் பண்ணவில்லை. என் வேலைக்காலம் முழுக்க அந்த இரண்டு கேள்விகளிலேயே போயிற்று. கட்டைவிரலால் பதில் எழுத ஆரம்பித்தேன், அது குழுவில் போடுகிற நீளத்தைத் தாண்டிவிட்டது. அதனால் தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த ஊர் மத்தூர்ப் பக்கம். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்து முடித்ததும், எங்கள் பக்கத்துப் பையன்கள் எல்லாரையும் போல நானும் ஓசூருக்கு பஸ் ஏறினேன். ஒரு பிரஸ் ஷாப்பில் கொஞ்ச காலம் கான்ட்ராக்ட் வேலை. ஒரே தகட்டை ஒரே அச்சில் வைத்து எடுத்துக்கொண்டே இருந்ததில் அலுத்துப்போய், பாகலூர் ரோட்டில் கெம்பண்ணாவின் ஷெட்டில் சேர்ந்தேன். வண்டிகளுக்கு வெளியே மாட்டும் இரும்பு வேலைகள்தான் அங்கே. கேரியர், கிரில், படி, இந்த மாதிரி. கர்நாடக பார்டருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டிலிருந்தும் வண்டிகள் வரும். ஒரே வண்டிக்குக் கீழே படுத்துக்கொண்டு தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

கீழே படுத்துக்கொண்டு என்றா சொன்னேன்? அதுதான் என் இடம். சக்கரப் பலகையில் மல்லாந்து வண்டிக்கு அடியில் போய்விட்டால், வெளியே நிற்பவர்களின் கால்கள் மட்டும்தான் தெரியும். வந்தவர் விவசாயியா, கம்பெனி சூப்பர்வைசரா, பாங்க் மேனேஜரா என்று குரல் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். வாடிக்கையாளர்களின் முகங்கள் பாதி மறந்துவிட்டன. கால்களைக் கேளுங்கள், இப்போதும் சொல்கிறேன்.

கெம்பண்ணாவுக்கு அப்பன் வீடு பார்டர் தாண்டி மாலூர்ப் பக்கம், தமிழை ஓசூரில்தான் கற்றார். ஒல்லியான மனிதர். வேட்டியை மடித்துக் கட்டி, காதில் சாக்பீஸ் துண்டைச் செருகியிருப்பார். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. பாராட்டியும் பார்த்ததில்லை. வேலை பிடித்திருந்தால் எதிர்க்கடைப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் டீ சொல்லுவார். வேலை பிடிக்கவில்லை என்றால் டீ வராது. எங்கள் ஷெட்டில் சான்றிதழ், சபாஷ் எல்லாமே அந்த டீதான்.

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ரன்னிங் போர்டு என்பது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் படி. காலை வைத்து ஏறுவதற்கானது. தாழ்வாகத் தொங்கினால்தான் கால் எட்டும். ஸ்லைடர் என்பது அதே இடத்தில் சேசிஸோடு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தோடு, போல்ட் போட்டு இறுக்கிய தடித்த இரும்புக் குழாய். வண்டி பாறைமேல் இறங்கிவிட்டால் மொத்த எடையையும் அது வாங்கிக்கொண்டு சறுக்கிப் போகும், கதவும் கதவுக்கு அடியில் உள்ள பட்டையும் தப்பிக்கும். அதனால் அது உயரத்தில், வண்டியின் உடம்போடு ஒட்டினாற்போல இருக்கும். குள்ளமானவர்களுக்குப் படியாக உதவாது. இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் வேலை வேறு.

கெம்பண்ணா இதைக் கன்னடம் கலந்து ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். "நோடப்பா, படி காலுக்கு. ஸ்லைடர் கல்லுக்கு. உன் வண்டிய எது தொடுது, அத்த மொதல்ல சொல்லு."

ஆனால் வந்தவர் சொல்வதை அவர் நம்பமாட்டார். வீட்டில் யாரெல்லாம் அந்த வண்டியில் ஏறுவார்களோ அத்தனை பேரையும் அழைத்துவரச் சொல்லுவார். வந்தவர்களை ஒவ்வொருவராக ஏறி இறங்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் குந்திக்கொண்டு கால்களையே பார்ப்பார். யாருடைய கால் எங்கே படி தேடித் தடவுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. அப்புறம் எங்களைக் கூப்பிட்டு வண்டியின் அடிப்பட்டையிலும் சேசிஸிலும் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லுவார். பசை சேர்க்காத வெறும் சுண்ணாம்பு, விரல் பட்டாலே வந்துவிடும். "வழக்கமா போற எடத்துக்கெல்லாம் போயிட்டு அப்பறம் வா" என்று அனுப்பிவிடுவார். வண்டி திரும்பி வந்ததும் நான் கீழே போய், எங்கெல்லாம் சுண்ணாம்பு உரசிப் போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்வேன். கல் எங்கே தொடுகிறது என்று சுண்ணாம்பு சொல்லிவிடும். சாக்பீஸ் கோடு காலைச் சொல்லும், சுண்ணாம்பு கல்லைச் சொல்லும். அதற்கப்புறம்தான் இரும்பை அறுப்போம்.

இந்த முறையில் கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. பெங்களூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். புது வண்டி, டயரில் மண்ணே ஒட்டவில்லை. ஸ்லைடர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். குடும்பத்தைக் கூட்டி வரச் சொன்னோம். அவருடைய மாமியார் பட்டுப்புடவையில் வந்து, வண்டியின் உயரத்தை ஒருமுறை பார்த்தார், மருமகனை ஒருமுறை பார்த்தார், போய்ப் பின்னால் வந்த ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டார். சுண்ணாம்பு அடித்து அனுப்பினோம். அடித்தது அடித்தபடியே திரும்பி வந்தது.

"ஃபிரண்ட்ஸ் எல்லாரும் ஸ்லைடர் போட்டிருக்காங்க சார்," என்றார் அந்தத் தம்பி.

"அவங்க கல்லு மேல போறாங்களா?"

அவர் நல்லவர், பொய் சொல்லவில்லை. "மால்லுக்குப் போறாங்க," என்றார்.

அவருக்கு ரன்னிங் போர்டுதான் மாட்டினோம். மாமியார் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி எங்களுக்குக் கை அசைத்துவிட்டுப் போனார். ஆட்டோக்காரர் வெறும் வண்டியோடு பின்னால் போனார்.

எல்லா வண்டியும் இப்படிச் சுலபமாகத் தீர்ந்துவிடாது. ரத்தினம்மா என்பவரின் வண்டி அப்படிச் சுலபத்தில் தீராததாக வந்தது. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்.

வழக்கம்போல எனக்கு முதலில் தெரிந்தது கால்கள். டயர் செருப்புப் போட்ட ஆண் கால்கள் இரண்டு. பக்கத்தில் பெண் கால்கள். அவற்றில் ஒன்று தரையில் அழுத்தமாக ஊன்றியிருந்தது, மற்றது விரல் நுனியால் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு கைத்தடியின் ரப்பர் முனை. அதற்கப்புறம் குரல் வந்தது. அந்தக் குரலுக்கும் அந்தக் காலுக்கும் சம்பந்தமே இல்லை. ஷெட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதை மீறிக் கேட்டது.

"அண்ணா, வண்டிய அழகு பண்ணச் சொல்லி நான் வர்ல. நான் ராயக்கோட்டை சந்தைக்குப் போவணும். அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

நான் வெளியே வந்து பார்த்தேன். குள்ளமான அம்மா, பெரிய மூக்குத்தி. பக்கத்தில் அவருடைய வீட்டுக்காரர் முனிராஜ், இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக நின்றிருந்தார். ராயக்கோட்டை தாண்டி, பாறைகளுக்கு நடுவே உள்ள ஒரு சின்ன ஊர் அவர்களுடையது. தக்காளி போடுகிறவர்கள். நாலு சக்கரமும் இழுக்கிற, பின்னாலும் சீட் உள்ள உயரமான பிக்-அப்பை அந்த வழிக்காகவே வாங்கியிருந்தார்கள்.

விளைவிப்பது முனிராஜ், விற்பது ரத்தினம்மா. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் ஏற்பாடாம். போன சீசனில் சந்தையில் நசுங்கிக் கிடந்த தக்காளியில் வழுக்கி விழுந்து, ரத்தினம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகி நடமாட ஆரம்பித்த பிறகு, ஷோரூமில் மாட்டிக் கொடுத்த ரன்னிங் போர்டில் கால் வைத்து ஏறிச் சந்தைக்குக் கிளம்பியிருக்கிறார். அவர்கள் ஊர் வழியில் வழுக்குப்பாறை என்று ஒன்று. மலையின் முதுகு அப்படியே பாதையில் புடைத்துக்கொண்டிருக்கும், உடைத்து எடுக்கிற சமாசாரம் இல்லை. அதில் ரன்னிங் போர்டு மோதி, மேலே மடங்கி, கதவை அழுத்திக்கொண்டுவிட்டது. கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்த ரத்தினம்மாவை டிரைவர் சீட் வழியாக நாலு பேர் இழுத்து எடுத்திருக்கிறார்கள்.

"ஆபரேசன்கூட அப்பிடி வலிக்கலண்ணா," என்றார். "அன்னிக்கே அந்தப் பலகைய இவுரு பேத்துப் போட்டுட்டாரு. அதுலருந்து நான் வூட்லயே உக்காந்துகினு இருக்கறன்."

"சந்தைக்கு யார் போறாங்க?" என்று கேட்டார் கெம்பண்ணா.

முனிராஜ் தலையைச் சொறிந்தார். ரத்தினம்மாதான் பதில் சொன்னார். "இவுருதான். வாங்கறவன் மூஞ்சி கொஞ்சம் வாடிச்சின்னா போதும், இவுரே வெலைய எறக்கிடுவாரு. இவுரு போற நாளெல்லாம் எங்க தக்காளி தானமாப் போவுது."

"பாவம், அவனும் தூரத்துலருந்து வரான்ல," என்றார் முனிராஜ்.

"பாத்தீங்களா?" என்றார் ரத்தினம்மா.

ஒரு ஸ்டூல் வைத்து ஏறலாமே என்று நான் கேட்டேன். அதுவும் செய்து பார்த்திருக்கிறார்கள். மேடு பள்ளத்தில் ஸ்டூல் ஆடியது. சந்தையில் இறக்கி வைத்தபோது யாரோ ஒரு வியாபாரி உட்காரப் போட்டுக்கொண்டு, திரும்பத் தரவே இல்லை.

கெம்பண்ணா கதவைத் திறந்து, ஏறிப் பாருங்கள் என்றார். ரத்தினம்மா நல்ல காலைத் தரையில் ஊன்றி, மற்ற காலைத் தூக்கினார். ஒரு மட்டத்துக்கு மேல் அது வரவில்லை. முகம் சுளித்ததும் கெம்பண்ணா, "போதும்மா, அங்கேயே" என்று நிறுத்தி, ஒரு மரச்சட்டத்தை நட்டமாகப் பிடித்து, அந்த மட்டத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். கோட்டைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஸ்லைடர் வருகிற இடத்துக்கு அது வெகு கீழே இருந்தது. அந்த உயரத்தில் எதைத் தொங்கவிட்டாலும் பாறை விடாது.

கல் வழக்கமாகவே தொடுகிறதா, அன்றைக்கு மட்டும் சக்கரம் விலகி மோதியதா என்று பார்க்கலாம், ஒருவேளை தப்பித்துக்கொள்ளலாம் என்று சுண்ணாம்பு அடித்து அனுப்பினோம்.

வண்டி திரும்பி வந்தபோது நான் கீழே போனேன். சுண்ணாம்பு ஒரு கீறல்கூட இல்லாமல் பளிச்சென்று இருந்தது. "அண்ணா, கல்லே தொடல," என்று கத்தினேன். வெளியே கெம்பண்ணா, "அப்ப படியே போட்டுடலாம்" என்று சொல்வது கேட்டது. ரத்தினம்மாவின் கைத்தடி சந்தோஷமாகத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. நானும் சிரித்துக்கொண்டே ஜாக்கியைத் தள்ளி வைத்தேன். அப்போதுதான் சேசிஸ் ஓரமாக வெளிச்சம் விழுந்த இடத்தில் பார்த்தேன். எங்கள் சுண்ணாம்பு வெள்ளை. இது லேசாக நீலம் அடித்தது. விரலால் தேய்த்தேன், வரவில்லை.

"அண்ணா, கொஞ்சம் வாங்க," என்றேன்.

கெம்பண்ணா மல்லாந்து படுத்து உள்ளே வந்தார். தொட்டுப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். படுத்தபடியே வெளியே குரல் கொடுத்தார். "முனிராஜப்பா, இந்தச் சுண்ணாம்பு ஏது?"

"நம்மூட்டுதுங்க," என்றார் முனிராஜ், பெருமையாக. "வூட்டுக்கு வெள்ளையடிக்க நீலம், பசை எல்லாம் போட்டுக் கலக்கி வெச்சிருந்தது. வண்டி அடியெல்லாம் ஒரே சேறு. உங்க சுண்ணாம்பும் அங்கங்க பேந்து போயிருந்திச்சு. ஒரு எடத்துக்குக் கொண்டுபோறப்ப வண்டிய அப்பிடியேவா கொண்டுபோறது? நல்லாக் கழுவி, நானே படுத்துகினு ரெண்டு கோட்டிங் குடுத்தன். உங்குளுதவிட நின்னு பிடிக்கும்."

நாங்கள் இரண்டு பேரும் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை. கெம்பண்ணா அப்படிச் சிரித்து நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. வெளியே ரத்தினம்மா தலையில் அடித்துக்கொள்ளும் வளையல் சத்தம் கேட்டது. "ஏன்யா, டாக்டர் ரத்தம் எடுக்கறதுக்கு முந்தி வேற ரத்தம் ஊத்திக்குவியா நீ?" பூஜைக்குக் கொண்டு போனாலும், பழுது பார்க்கக் கொண்டு போனாலும், வண்டியைக் கழுவித்தான் கொண்டு போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து மரியாதை. முனிராஜைக் குற்றம் சொல்லி என்ன செய்வது?

எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் எங்கள் சுண்ணாம்பை அடித்தோம். இனி கழுவமாட்டேன் என்று முனிராஜிடம் கெம்பண்ணா சத்தியம் வாங்கிக்கொண்டார். இந்தத் தடவை வண்டி சேறும் சகதியுமாக வந்தது. முனிராஜ் வெட்கப்பட்டுக்கொண்டு ஷெட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார். கீழே போய்ப் பார்த்தேன். டிரைவர் பக்கம் ஒன்றுமே ஆகவில்லை. இடது பக்கம், ரத்தினம்மா உட்காரும் பக்கம், முன்கதவிலிருந்து பின்கதவு வரை சுண்ணாம்பே இல்லை. வெறும் இரும்பும் கீறலும்தான். முனிராஜுக்குத் தன் பக்கத்துச் சக்கரம்தான் கண்ணுக்குத் தெரியும். அதைப் பத்திரமாக மண்ணில் விட்டு, பாறையை எப்போதும் மனைவியின் பக்கம் கொடுத்திருக்கிறார்.

"கல்யாணத்துலருந்து அடி எல்லாம் என் பக்கந்தான்," என்றார் ரத்தினம்மா. ஆனால் அவர் முகத்தில் சிரிப்பு தங்கவில்லை. கல் தொடுகிறது என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

கெம்பண்ணா மரச்சட்டத்தை வண்டியில் சாய்த்து வைத்து, அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலும் வேணும், கல்லும் இருக்குது," என்றார் கடைசியில். அவருக்கே அவர் கேள்வி திரும்பி வந்துவிட்டது.

இரண்டு பக்கமும் ஸ்லைடர் என்பது முடிவானது. சேசிஸில் துளை போடாமல், வெல்டிங் வைக்காமல், ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட் போட்டு இறுக்குவதுதான் எங்கள் வழக்கம். குழாயின் மேல், கால் வழுக்காதிருக்க, புள்ளி புள்ளியாக மேடுள்ள தகட்டை நீளத்துக்கும் பற்றவைத்தோம். ஸ்லைடருக்கு அடியில் ஜாக்கி வைத்து, அந்தப் பக்கத்து இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பும் வரை தூக்கினோம். வளையவில்லை. கடைசியில் கெம்பண்ணா செருப்பைக் கழற்றிவிட்டுத் தகட்டின்மேல் ஏறி, குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார். எல்லா வேலைக்கும் அவருடைய கடைசிப் பரீட்சை அது. எங்கேயாவது போல்ட் தளர்ந்திருந்தால் தட்டியதும் கிணுகிணுக்கும். கிணுகிணுக்கவில்லை. இருந்தும் டீ சொல்லவில்லை. வேலை பாதிதானே முடிந்தது.

ரத்தினம்மாவின் பக்கம், ஸ்லைடருக்குக் கீழே, கோடு போட்ட உயரத்தில் ஒரு தொங்கும் படி. இரும்பில் தொங்கவிட்டால் பாறை மடக்கிவிடும். அதனால் கெம்பண்ணா கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு ஜல்லி கிரஷருக்குப் போய், கல்லைச் சுமந்து ஓடித் தேய்ந்த பெல்ட்டிலிருந்து இரண்டு பட்டை வாங்கிவந்தார். விரல் தடிமன் ரப்பர், உள்ளே துணி அடுக்கு. கல் மோதினால் வளைந்துகொடுத்துவிட்டுத் திரும்பி வரும். அந்த இரண்டு பட்டையில் படியைத் தொங்கவிட்டோம். பார்க்க ஊஞ்சல் மாதிரி அழகாக இருந்தது.

ஊஞ்சல் மாதிரியே ஆடவும் செய்தது. ரத்தினம்மா காலை வைத்து எடையைப் போட்டதும், படி அவர் காலோடு வண்டிக்கு அடியில் போய்விட்டது. கதவைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. ஆனால் இடுப்பு திருகிவிட்டது. அவ்வளவு பெரிய குரல் உள்ளவர், வாயைத் திறக்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வந்தது. நான் ஒரு தக்காளி கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்காரவைத்தேன்.

முனிராஜ் பக்கத்தில் குந்திக்கொண்டார். "வுடு ரத்தினா. நானே போறன் சந்தைக்கு. இனிமே எவன் மூஞ்சியும் பாக்காம வெலை சொல்றன்."

"பாக்காம இருக்க உன்னால ஆவாது," என்றார் ரத்தினம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கெம்பண்ணா முகம் செத்துப் போயிருந்தது. அவர் அந்தம்மா எதிரில் வந்து நின்றார். "அம்மா, இது என்னால ஆகல்லைன்னு சொல்றதுல எனக்கு வெக்கம் இல்ல. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுதான் தாங்காது. கழட்டிடறேன்."

ரத்தினம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கைத்தடியை நீட்டி அந்தப் படியைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தையில் சரக்கைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி. பக்கத்திலிருந்து குத்தினால் படி உள்ளே போனது. முன்னாலிருந்து குத்தினால் அசையவில்லை.

"ஏண்ணா," என்றார், "நான் காலு வெக்கறது பக்கவாட்டுல. கல்லு வரது முன்னாடியிருந்து. இது எனக்கு வளைஞ்சு குடுக்குது, கல்லுக்கு மொரைச்சுகினு நிக்குது. மாத்தி இல்ல இருக்கணும்?"

கெம்பண்ணா குனிந்து பார்த்தார். கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தார். பெல்ட்டின் அகலமான முகம் வெளிப்பக்கம் பார்த்திருந்தது. காலண்டர் அட்டையை எந்தப் பக்கம் வளைத்தால் வளையும், எந்தப் பக்கம் வளையாது என்று யாருக்குத் தெரியாது? எங்கள் இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. அழகாகத் தெரிய வேண்டுமென்று அகலத்தை வெளியே காட்டி மாட்டியிருந்தோம்.

"முருகேசா, பெல்ட்ட திருப்பு," என்றார்.

பெல்ட்டின் முகம் வண்டியின் முன்பக்கம் பார்க்கிற மாதிரி திருப்பி மாட்டினேன். கெம்பண்ணா முதலில் தானே ஏறிப் பார்த்தார். அப்புறம் என்னை ஏறச் சொன்னார். அப்புறம் முனிராஜ். அசையவில்லை. ரத்தினம்மா எழுந்தார். நான் வண்டிக்கு அந்தப் பக்கம் தரையில் படுத்துப் பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் நுனியால் மட்டும் தரையைத் தொட்ட அந்தக் கால் படியின்மேல் வந்தது. ஒரு கணம் தயங்கியது. அப்புறம் குதிகாலும் படிந்தது. படியிலிருந்து ஸ்லைடர் தகடு, தகட்டிலிருந்து வண்டி. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கைத்தடி வெளியே தரையில் கிடந்தது, எடுத்துக் கொடுக்க மறந்துவிட்டோம்.

மறுநாள் நானும் கெம்பண்ணாவும் வழுக்குப்பாறைக்கே போனோம். முனிராஜ் வண்டியை ஏற்றினார், பக்கத்தில் ரத்தினம்மா. பாறைமேல் ஸ்லைடர் இறங்கியபோது கரகரவென்று எழுந்த சத்தத்தில் எனக்குப் பல் கூசியது. தொங்கும் படி பாறையில் பட்டுப் பின்னால் மடங்கி, வண்டி தாண்டியதும் பழையபடி நேராகி நின்றது. ரத்தினம்மா கதவைத் திறந்தார். திறந்தது. மூடினார். மறுபடியும் திறந்தார். சின்னக் குழந்தை மாதிரி அதையே செய்துகொண்டிருந்தார். கெம்பண்ணா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி இரண்டு தட்டுத் தட்டினார். அப்புறம் பழக்கத்தில் எதிர்ப்பக்கம் திரும்பினார். அங்கே பாறையும் முள்ளும்தான் இருந்தன.

"என்னண்ணா தேடறீங்க?" என்று அவரைக் கேட்டார் ரத்தினம்மா.

"டீக்கடை," என்றேன் நான்.

"நான் போடறன் வாங்க," என்றார் ரத்தினம்மா.

கெம்பண்ணா இப்போது மாலூர்ப் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். ஷெட் இருந்த இடத்தில் கார் அலங்காரக் கடை வந்துவிட்டது. நல்ல கடைதான். பெட்டியில் வருகிறது, பிரித்து மாட்டுகிறார்கள், எல்லாம் கச்சிதம். எனக்கு அதில் வருத்தமில்லை. முதுகு வலியோடு மல்லாந்து படுக்க வேண்டிய அவசியம் இனி யாருக்கும் இல்லை. யார் ஏறுவார்கள் என்று மட்டும் கேட்டுவிட்டு மாட்டினால் போதும்.

போன ஞாயிற்றுக்கிழமை, காய்கறி வாங்கலாம் வாருங்கள் என்று தினேஷைக் கூப்பிட்டேன். அவருடைய புது வண்டியிலேயே ராயக்கோட்டை சந்தைக்குப் போனோம். ஏறுவதற்கு நான் பட்ட பாட்டை அவர் பார்த்தார். சந்தையில் தக்காளி வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. தரையெல்லாம் நசுங்கிய தக்காளி. தூரத்திலேயே அந்தக் குரல் கேட்டுவிட்டது.

கதவை அகலத் திறந்து வைத்து, ஸ்லைடர் தகட்டின்மேல் நின்றிருந்தார் ரத்தினம்மா. ஒரு கை கதவின் மேல் சட்டத்தில், ஒரு கையில் தக்காளி. வியாபாரிகள் எல்லாரும் கழுத்தை நிமிர்த்தி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குள்ளமான அம்மா அங்கே எல்லாரையும் விட உயரம். ஏறுவதற்காக நாங்கள் செய்து கொடுத்தோம். அவர் அதில் பாதி ஏறி, அங்கேயே கடை விரித்துவிட்டார். தரைக்கு இறங்குவதே இல்லையாம், அப்புறம் எங்கே வழுக்குவது? முனிராஜ் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, எந்த முகத்தையும் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முருகேசண்ணா!" என்றார் ரத்தினம்மா என்னைப் பார்த்து. "அங்கியே நில்லுங்க. இந்த ஆள முடிச்சிட்டு வரன்."

அந்த ஆள் முகத்தை வாடவைத்துப் பார்த்தார். மேலே நின்றவர் மசியவில்லை. கடைசியில் அந்த ஆளே விலைக்குச் சரியென்று தலையை ஆட்டினார். ரத்தினம்மா தக்காளியை உள்ளே போட்டுவிட்டு, வண்டியை இறக்குமிடத்துக்கு நகர்த்தச் சொல்லி வீட்டுக்காரருக்குச் சைகையாக, குதிகாலால் தகட்டில் இரண்டு தட்டுத் தட்டினார்.

நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். இத்தனை காலம் பாறையில் உரசியும், ஒரு போல்ட்கூடக் கிணுகிணுக்கவில்லை.

தினேஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிரே இருந்த கடைப் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் டீ சொன்னேன்.